சித்தப்பாவின் கண்ணில் இருந்தது பூஞ்சை இல்லை

வேளாங்கண்ணியில் மாதா கோயிலிலிருந்து கடற்கரைக்குப் போகிற தெருவில் இரண்டு பக்கமும் கடைகள். மெழுகுவத்தி, மாலை, பொரி, சங்கு, பாசிமணி. நடுநடுவே தகட்டில் அடித்த உறுப்புகளும் தொங்கும். கை, கால், இதயம், குழந்தை, வீடு. கண்ணும் உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் வாங்கிக்கொண்டு போய்க் காணிக்கையாக வைப்பார்கள். சின்ன வயதிலிருந்து அந்தக் கடைகளைத் தாண்டித்தான் நடக்கிறேன். நின்று பார்த்ததில்லை.

2023 மார்ச்சில் ஒருநாள் சித்தி அந்தக் கண் தகட்டில் ஒன்றை வாங்கி என் கையில் கொடுத்தார். "நீயே போயி வெச்சுட்டு வந்துடுப்பா. நான் போனா அங்க நின்னு அழுதுடுவேன்." அப்போது சித்தப்பா திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். வலது கண்ணில் மணிக்கொரு தடவை சொட்டு மருந்து, ராத்திரியிலும் எழுப்பி விடுவார்கள்.

அவர் கண்ணுக்கு என்ன ஆனது, அது என்ன கிருமி என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதற்கு ஏன் அத்தனை நாள் ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாராவது வயலில் இறங்குகிறவர்கள் இருந்தால் முழுசாகப் படித்துவிடுங்கள்.

அந்த வருஷம் பிப்ரவரி முதல் வாரம் பெய்த மழையை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சம்பா அறுப்புக்கு நின்ற நேரம். தை முடியப் போகிறது, இனி எங்கே மழை என்று இருந்தபோது இலங்கைப் பக்கமிருந்த தாழ்வு மண்டலம் இங்கே கொட்டித் தீர்த்துவிட்டது. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. சித்தப்பாவுக்குக் கீழையூர் பக்கம் ஆறு மா நிலம். பெல்ட் அறுப்பு மிஷின்கூட இறங்க முடியாத சேறு. முளைவிடுவதற்குள் கிடைத்ததைக் காப்பாற்றலாம் என்று சித்தப்பாவும் சித்தியும் இன்னும் நாலு பேரும் அரிவாளோடு இறங்கினார்கள். பின்னிக் கிடந்த கதிரைத் தூக்கி உதறும்போது வலது கண்ணில் சுரீர் என்று பட்டிருக்கிறது. அங்கேயே குனிந்து வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கண்ணைக் கழுவிவிட்டு மறுபடி அறுப்பில் நின்றிருக்கிறார்.

அந்த வாய்க்கால் தண்ணீரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் கண் சிவந்துவிட்டது. நம் ஊரில் கண்ணில் ஏதாவது பட்டால் என்னென்ன செய்வோமோ அவ்வளவும் நடந்தது. நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டினார்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி இருந்தாள், தாய்ப்பால் விட்டார்கள். மூன்றாம் நாள் மருந்துக்கடையில் போய் "கண்ணு உறுத்துது" என்று சொல்ல, ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். விட்டதும் சிவப்பு குறைந்தது. சித்தப்பாவுக்கு நிம்மதி, நாலு நாள் விட்டார். அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். கிருமியோடு மல்லுக்கட்டுகிற உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடும். வெளியே பார்க்கக் கண் தெளிந்த மாதிரி இருக்கும், உள்ளே கிருமிக்குத் தடுப்பார் இல்லை. எட்டாம் நாள் கருவிழியில் அரிசி மாவு ஒட்டின மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. பார்வை மங்கல். வலி தாங்காமல் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது.

நான் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவன். கருவிழிப் புண் பற்றி அன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நெல் விளைகிற ஊரில் பிறந்து வளர்ந்து, நெல்லால் கண் போகும் என்பதை ஐம்பது வயதில் தெரிந்துகொண்டேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, சரியாக அறுப்புக் காலத்தில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் ஏதோ பட்ட காயம் இருந்தது. கிருமி வளர்ந்த கண்களில் ஏறக்குறைய பாதி பாக்டீரியா, ஏறக்குறைய பாதி பூஞ்சை. குளிர் நாடுகளில் கருவிழிப் புண்ணில் பூஞ்சை இவ்வளவு இருக்காது. திருச்சி ஜோசப் கண் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் கானா நாட்டு மருத்துவர்களும் 1999 முதல் 2001 வரை சேர்ந்து நடத்திய ஆய்விலும், இரண்டு ஊரிலும் முதலிடம் பூஞ்சைக்குத்தான். வெயில், ஈரம், விவசாயம் மூன்றும் கூடுகிற இடமெல்லாம் ஒரே கதை. அதில் முன்னால் நிற்பது ஃபியூசேரியம், அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ். வைக்கோலில், பதரில், மண்ணில், தூசியில் சும்மா கிடப்பவைதான். கருவிழியில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே குடியேறிவிடும்.

திருச்சியில் சித்தப்பாவைப் பார்த்த டாக்டரம்மா முதல் காரியமாகக் கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தை மெல்லிய கத்தியால் சுரண்டி எடுத்தார். எடுத்தது கடுகில் பாதி இருக்காது. ஒரு பங்கு கண்ணாடித் துண்டில் வைத்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டார்கள். அது கண்ணின் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சையின் இழை மட்டும் கரையாமல் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சில நிமிஷத்தில் சொல்லிவிட்டார்: "ஐயா, இழை தெரியுது. பூஞ்சைதான். மருந்து ஆரம்பிச்சிடலாம்."

மருந்து நேட்டமைசின், 5 சதவீதம். நெல்வயல் கண்களுக்கு நம்பகமான மருந்து அது. நேட்டமைசினா, புதிதாக வந்த வோரிகோனசோலா, எது மேல் என்று அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2013-இல் வெளியானது. பழைய நேட்டமைசின்தான் ஜெயித்தது, அதிலும் ஃபியூசேரியம் புண்ணில் தெளிவாக. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே டாக்டரம்மா செய்தது சரியான வைத்தியம். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் புண் கேட்கவில்லை. பத்து நாள் ராப்பகலாக மருந்து விட்டும் வெள்ளை பெரிதாகிக்கொண்டே போனது. ஓரத்திலிருந்து கொடி பரவுகிற மாதிரி மெல்லிய கோடுகள் கிளம்பின.

சுரண்டியதில் இன்னொரு பங்கை வளர்ப்புத் தட்டில் போட்டிருந்தார்கள். அது வளர்ந்திருந்தது. ஆனால் தட்டையாக, நிறமில்லாமல், தட்டோடு ஒட்டினாற்போல. வித்துகள் இல்லை. பூஞ்சைக்குப் பெயர் சொல்வது அது விடுகிற வித்தின் வடிவத்தைப் பார்த்துத்தான். நாற்றங்காலில் எல்லா நெல்லும் ஒரே பச்சை. பொன்னியா வெள்ளைப்பொன்னியா என்று கதிர் வந்தால்தானே அடித்துச் சொல்ல முடியும்? கதிரே விடாத பயிரை என்னவென்று சொல்வது? அப்போதுதான் டாக்டரம்மா சொன்னார்: "ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்புறோம். மூணு நாலு நாள் ஆகும்."

அந்த ஆய்வகத்தில் வேலை பார்ப்பது என் பழைய மாணவி. தற்செயல்தான். "சார், நீங்க நடத்துனதுதான், வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன், பிறகு அவளே உட்கார்ந்து விளக்கினாள். நான் புரிந்துகொண்டதை நம் ஊர் மொழியில் சொல்கிறேன்.

எந்த உயிரிலும் புரதம் செய்யும் பட்டறை ஒன்று உண்டு, ரைபோசோம். அதைக் கட்டுவதற்கான மரபணுக்கள் டிஎன்ஏவில் வரிசையாக இருக்கும். பூஞ்சையில் 18எஸ், அடுத்தது 5.8எஸ், அடுத்தது 28எஸ். இதை மூன்று வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலில் கைவைத்தால் சோறு போய்விடும். அதனால் கோடிக்கணக்கான வருஷமானாலும் அந்த எழுத்துகள் அவ்வளவாக மாறுவதில்லை. நெருங்கிய இனங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆனால் வயலுக்கும் வயலுக்கும் நடுவே வரப்பு இருக்கிறதே, அதிலிருந்து புரதமும் இல்லை, பட்டறையும் இல்லை. அங்கே எழுத்து மாறினால் கேட்பாரில்லை. தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரப்பு வடிவம். அந்த வரப்புப் பகுதிக்கு ஐடிஎஸ் என்று பெயர்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வயலின் ஓரம் எல்லாருக்கும் ஒன்று. அந்த ஓரத்தில் போய் உட்காருகிற மாதிரி இரண்டு சின்ன டிஎன்ஏ துண்டுகளைச் செய்துவிட்டால், எந்தப் பூஞ்சை வந்தாலும் அவை இரண்டு முனையிலும் ஒட்டிக்கொண்டு நடுவில் இருக்கும் வரப்பை அளந்து கொடுத்துவிடும். முன்கூட்டி இன்னாரென்று சந்தேகப்படத் தேவையில்லை. இந்தத் துண்டுகளுக்குப் பிரைமர் என்று பெயர். டாம் வைட், ஜான் டெய்லர் உள்ளிட்ட நாலு பேர் 1990-இல் எழுதிவைத்த பிரைமர்களைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 2012-இல் இந்த வரப்பையே பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக ஏற்றுக்கொண்டார்கள். இன்னொரு வசதி, ஒரே பூஞ்சை செல்லுக்குள் இந்த வயல் வரிசை பத்து, நூறு என்ற கணக்கில் திரும்பத் திரும்ப இருக்கும். கடுகில் பாதி சுரண்டலில் ஒன்றிரண்டு இழைதான் இருந்தாலும் தேடுகிற பொருள் நிறைய இருக்கும்.

முதலில் செல்லை உடைக்க வேண்டும். பூஞ்சையின் சுவர் கைட்டினால் ஆனது, இறாலின் ஓட்டில் இருக்கும் அதே பொருள், லேசில் உடையாது. நுண்ணிய மணிகளைப் போட்டுக் குலுக்கி உடைக்கிறார்கள். வெளியே வந்த டிஎன்ஏவைக் கழுவிச் சுத்தம் செய்து பி.சி.ஆர். கருவியில் வைக்கிறார்கள். கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய அதே பி.சி.ஆர். 95 டிகிரியில் டிஎன்ஏவின் இரண்டு இழையும் பிரியும். ஐம்பது அறுபது டிகிரிக்குக் குறைந்ததும் பிரைமர் போய் ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி மிச்சத்தை எழுதி முடிக்கும். ஒன்று இரண்டாகும். மறுபடி சூடு, இரண்டு நாலாகும். முப்பது சுற்று ஓடினால் கணக்குப்படி ஒன்று 107 கோடியைத் தாண்டும். இந்த வழியைக் கேரி முல்லிஸ் 1983-இல் யோசித்தார், 1993-இல் அதற்கு நோபல் பரிசு. அவ்வளவு சூட்டைத் தாங்குகிற நொதி அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழ்கிற ஒரு பாக்டீரியாவிடமிருந்து கிடைத்தது. யாரோ ஊற்றில் பாக்டீரியா தேடினதில் கீழையூர் சித்தப்பாவின் கண்ணுக்கு வழி பிறந்தது என்பதை வகுப்பில் இப்போதெல்லாம் தவறாமல் சொல்கிறேன்.

பெருகிய துண்டை எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். ஐந்நூறு, அறுநூறு, சிலதில் இன்னும் கூடுதல் எழுத்து. ஏ, டி, ஜி, சி நாலே எழுத்து மாறி மாறி. அதை உலகப் பொதுக் களஞ்சியமான ஜென்பேங்கில் போட்டு ஒப்பிட்டால், யாருடைய வரப்போடு பொருந்துகிறது என்று திரையில் வரும்.

இந்த வேலையில் அவர்கள் காட்டுகிற சுத்தத்தைச் சொல்ல வேண்டும். பூஞ்சை வித்து காற்றில் எப்போதும் மிதக்கிறது. ஒன்று குழாயில் விழுந்தால் அதையும் இந்த இயந்திரம் கோடியாகப் பெருக்கி, நோயாளியின் கண்ணில் இருந்ததாகச் சொல்லிவிடும். அதனால் மாதிரியை உடைக்கிற அறை வேறு, மருந்து கலக்கிற அறை வேறு, பெருக்குகிற அறை வேறு. ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்றையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். அதில் ஏதாவது வந்தால் அன்றைய வேலை முழுக்கக் குப்பைக்கு. "தண்ணிக் குழாய் சுத்தமா வந்தாத்தான் சார் எங்களுக்கு மூச்சே வரும்" என்றாள்.

நாலாம் நாள் முடிவு வந்தது. பித்தியம் இன்சிடியோசம்.

பெயரைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் பித்தியம் எனக்குத் தெரிந்த பெயர். நாற்றங்காலில் நாற்று அழுகி மடிகிறதே, அதற்குக் காரணமான குடும்பம். நான் கல்லூரியில் படித்தபோது அதைப் பூஞ்சைப் பாடத்தில் பைக்கோமைசீட்ஸ் என்ற தலைப்பில் வைத்திருந்தார்கள். இழையாக வளரும், வெள்ளையாகப் படரும், பார்த்தால் பூஞ்சை. மரபணுவைப் படித்த பிறகு தெரிந்தது அது பூஞ்சையே இல்லை என்று. ஊமைசீட் என்ற தனிக் கூட்டம். உறவுமுறை பார்த்தால் கடலில் மிதக்கிற பழுப்புப் பாசிக்கும் டையாட்டம் என்ற நுண்பாசிக்கும் பங்காளி. அதன் சுவர் கைட்டினால் கட்டியது இல்லை, பெரும்பகுதி குளுக்கானும் செல்லுலோஸும். அதைவிட முக்கியம், பூஞ்சையின் செல் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் என்ற பொருளை இது செய்துகொள்வதில்லை. நேட்டமைசின் போய்ப் பிடிக்கிற கொம்பு அந்த எர்கோஸ்டீரால்தான். கொம்பே இல்லாத மாட்டை எதைப் பிடித்து அடக்குவது? பத்து நாள் ராத்திரி தூங்காமல் விட்ட மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதற்குப் பதில் அந்த ஒரு வரியில் இருந்தது.

இது நிற்கிற தண்ணீரில் வாழ்கிறது. அழுகின இலை, புல் இவற்றின்மேல் வளர்ந்து, வாலுள்ள நீந்தும் வித்துகளை விடுகிறது. அந்த வித்து தண்ணீரில் நீந்திப் போய்க் காயத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும். சித்தப்பா கண்ணைக் கழுவிய வாய்க்கால் தண்ணீரை இப்போது நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியக் குதிரைகளுக்கு மழைக்காலத்தில் வந்த ஆறாத புண்ணை 'பர்சாத்தி' என்று எழுதிவைத்திருக்கிறார்கள், மழையின் நோய் என்று அர்த்தம். அதே கிருமிதான். இன்சிடியோசம் என்ற இன்றைய பெயர் 1987-இல் வைத்தது. தாய்லாந்தின் நெல் விவசாயிகளிடம் ரத்தக் குழாயில் புகுந்து காலை எடுக்கிற அளவுக்குப் போயிருக்கிறது. இந்தியாவில் கண்ணில் இது இருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் டிஎன்ஏ வாசிப்புக்குப் பெரிய பங்கு. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 2015-இல் தொகுத்து எழுதியது. பிறகு சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் எல்லாம் எழுதின. அதற்கு முன்பு எத்தனை கண்கள் 'மருந்து கேட்காத பூஞ்சை' என்ற பெயரில் போயிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

சித்தப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவர் என்னைவிடச் சுலபமாகப் புரிந்துகொண்டார். சித்தியின் அண்ணன் ராஜகிரி பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். கொடிக்காலில் அடியழுகல் வந்தால் அதுவும் ஊமைசீட்தான், ஃபைட்டாப்தோரா. "சித்தப்பா, கொடி அழுகுனப்ப உங்க மச்சான் என்ன அடிச்சாரு?" என்று கேட்டேன். "மொதல்ல கார்பண்டசிம் ஊத்துனான், கேக்கல. அப்புறம் ஆபீசர் வந்து மெட்டலாக்ஸில் எழுதிக் குடுத்தாரு." சொல்லிவிட்டுத் தானே கட்டுக்கண்ணோடு என் பக்கம் திரும்பினார். "அப்ப என் கண்ணுல இருக்கிறது கொடிக்கால் சீக்கா?"

ஆமாம். மருந்தை மாற்றினார்கள். லினசோலிட், அசித்ரோமைசின். இரண்டும் பாக்டீரியாவுக்கான மருந்துகள். இந்தப் பூஞ்சைபோலிக்கு அவை வேலை செய்கின்றன என்று 2018 வாக்கில் ஹைதராபாத்தில் காட்டியிருந்தார்கள். பெயர் தெரியாமல் இருந்திருந்தால் பூஞ்சைப் புண்ணுக்கு யாரும் அவற்றைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பார்த்தால் பூஞ்சை, படித்தால் வேறு என்பது இது மட்டும் இல்லை. தெற்கே குளத்தில் குளிக்கிற ஊர்களில் மூக்கில் செம்புற்றுப்பழம் மாதிரி சதை வளர்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொட்டால் ரத்தம் வரும், வெட்டினால் மறுபடி வளரும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உலகத்திலேயே அதிகம். ரைனோஸ்போரிடியம் என்று பெயர். அர்ஜென்டினாவில் சீபர் 1900-இல் விவரித்தார், 1923-இல் ஆஷ்வொர்த் அதைப் பூஞ்சை என்று எழுதினார், நூற்றாண்டு முடிகிறவரை பாடப்புத்தகங்கள் அப்படியே சொல்லின. அதைத் தட்டில் வளர்க்க முடியாது என்பதால் யாராலும் மறுக்கவும் முடியவில்லை. 1999-இல், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அர்செகுலரத்னவும் முன்னே சொன்ன பிரைமர்க்காரர் ஜான் டெய்லரும் இருந்த குழு, அதன் 18எஸ் வயலைப் படித்தது. மீன்களுக்கு நோய் தருகிற நுண்ணுயிர்களின் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது. குளத்துக்கும் அந்த நோய்க்கும் உள்ள உறவு அதோடு கொஞ்சம் விளங்கியது.

படர்தாமரை பற்றியும் ஒரு வார்த்தை. மாதா திருவிழாவுக்குக் காவி கட்டி நடந்துவருகிறவர்கள் ஈர உடுப்போடு பல நாள் நடக்கிறார்கள், தொடையிடுக்கில் படர்தாமரை வருவது சகஜம். இப்போது அது முன்னைப்போல ஆறுவதில்லை என்று பலர் சொல்லிக் கேட்கிறேன். அதற்கும் மரபணு ஆய்வுதான் பதில் சொன்னது. டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-இல் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினாஃபின் என்ற வழக்கமான மருந்து தாக்குகிற மரபணுவில் சில எழுத்துகள் மாறியிருப்பதால் பலருக்கு மருந்து பலிப்பதில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் வாங்கித் தடவுவதை இங்கேயும் நிறுத்த வேண்டும்.

ஜீன் டெஸ்ட்டை மந்திரம்போல எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதற்கும் எல்லை உண்டு. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது பிடிக்கும், அதனால் குணமாகிவிட்டதா என்பதை அதைவைத்து மட்டும் சொல்ல முடியாது. எந்த மருந்து எவ்வளவு கேட்கும் என்பதைப் பெரும்பாலும் வளர்ப்புத் தட்டுதான் சொல்லும். ஃபியூசேரியத்துக்குள் எந்த வகை என்று பிரிக்க ஐடிஎஸ் வரப்பு போதாது, வேறு மரபணுவையும் படிக்க வேண்டும். பணமும் செலவாகும். பத்து நிமிஷத்தில் முடிகிற கண்ணாடித் துண்டுச் சோதனையின் இடத்தை அது பிடிக்காது, பிடிக்கவும் வேண்டாம்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கிருமி இன்னதென்று மரபணு சொன்ன பிறகு, அதன் சுவரில் செல்லுலோஸ் இருப்பதை வைத்து எல்.வி. பிரசாத் ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு சாதாரணச் சோதனையை எழுதினார்கள். அயோடினும் கந்தக அமிலமும் போதும். பித்தியம் நீலம் பாயும், பூஞ்சை பாயாது. பள்ளி ஆய்வகத்தில் இருக்கிற இரண்டு புட்டி. வளர்ப்புத் தட்டில் வந்ததை இலைத் துணுக்கோடு தண்ணீரில் போட்டு, நீந்துகிற வித்து வருகிறதா என்று பார்க்கிற வழியும் உண்டு. இழையைப் பார்த்ததும் இதையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் பத்து நாள் மிச்சம். அந்தப் பத்து நாள் என்னவென்று எனக்குத் தெரியும்.

சித்தப்பாவுக்கு மருந்து மாறியபோது புண் கருவிழியின் விளிம்பை நெருங்கியிருந்தது. மருந்து பரவலை நிறுத்தியது, ஆனால் நடுவில் கருவிழி காகிதம்போல மெலிந்துவிட்டது. மார்ச் மூன்றாம் வாரம் தானமாக வந்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். யாரோ இறந்தபிறகு கொடுத்த கண். அந்தக் குடும்பம் யாரென்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். கண் தப்பியது, எடுக்க வேண்டியிருக்கவில்லை. பார்வை முழுசாக வரவில்லை. வலது கண்ணால் விரல் எண்ணுவார், முகம் தெரியும், பத்திரிகை படிக்க முடியாது. வயலுக்குப் போகிறார். வெல்டிங்காரர்கள் போடுகிற மாதிரி பக்கமும் மறைக்கிற பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், நூறு ரூபாய்க்குள்தான். அறுப்பில் அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள்.

படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். நெல்லோ இலையோ தூசியோ கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வாய்க்காலில் வேண்டாம். கடையில் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். மறுநாளும் உறுத்தினால் கண் டாக்டரிடம் போங்கள். வெள்ளைப் புள்ளி இருந்தால் "சுரண்டி எடுத்துப் பாத்தீங்களா, என்ன கிருமின்னு பேரு வந்துச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு வாரத்தில் மருந்து கேட்காவிட்டால் ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் டாக்டரம்மா, கேட்கிற நோயாளிதான் தனக்கு வேண்டும் என்றார்.

அரசாங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். கொரோனா நேரத்தில் தமிழ்நாடு முழுக்க அரசு மருத்துவக் கல்லூரிகளில் பி.சி.ஆர். ஆய்வகங்கள் வந்தன, அதை ஓட்டத் தெரிந்த பிள்ளைகளும் உருவானார்கள். நாகப்பட்டினத்துக்கு 2022 ஜனவரியில் ஒரத்தூரில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. தஞ்சாவூரில் பழைய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அறுப்புக் காலம் மூன்று மாதத்துக்காவது, டெல்டாவில் சுரண்டி எடுக்கிற ஒவ்வொரு கண்ணுக்கும் இங்கேயே, செலவில்லாமல் இந்தச் சோதனையைச் செய்து கொடுங்கள். இப்போது கீழையூர்க்காரன் கண் மாதிரி திருச்சிக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கிறது. தையில் அறுப்பு தொடங்கிவிடும்.